படகுள்ள ஊர்

விராலிமலையைத் தாண்டியதும் பெலிக்ஸ் மறுபடியும் ஜீப்பை ஓரங்கட்டினார். பின்னால் இழுவண்டியில் அவருடைய ஃபைபர் படகு உட்கார்ந்திருந்தது. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்த அலுப்பு அதற்கும் இருக்கும்.

அவர் மனைவி ரெஜினா இறங்கி, இழுவண்டியின் சக்கரக் குடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தாங்கக்கூடிய சூடுதான். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஓட்டினால் சக்கரமே கழன்று ஓடிவிடும். படகைக் கட்டியிருந்த வார்களில் ஒன்று தளர்ந்திருந்தது. அதை இழுத்து முடுக்கினாள்.

"முன்பக்கம் பாரம் சரியா இருக்கா பாரு. வால் கனத்துச்சுன்னா வண்டி ஆட ஆரம்பிச்சிரும்" என்றார் பெலிக்ஸ், இறங்காமலே.

"இஞ்சினைக் கழத்தி முன்னால கட்டுனதே நாந்தான். இந்த மழைக்கு இது எத்தனாவது ஊருங்க?"

"எண்ணுறத விட்டுட்டேன்ளா."

எந்த ஊர் எப்போது மூழ்கும் என்பதை மூன்று நாள் முன்னதாகவே வெள்ளக்கணி சொல்லிவிடும். அந்த இயந்திரம் சொன்னால் சொன்னதுதான். தண்ணீருக்கு முன்னால் படகு போய்ச் சேர வேண்டும் என்று கடற்கரை ஊர்களுக்கு ஆணை பறக்கும். முதல் வருடம் படகுக்காரர்களுக்கு மாலை போட்டார்கள். அடுத்த வருடம் டீ கொடுத்தார்கள். இப்போது, ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள். வெள்ளச்சாவு நின்றது உண்மைதான். கூடவே ஏரியைத் தூர்வாருவதும் நின்றுபோனது. வடிகாலை அடைத்து வீடு கட்டுகிறவனைக் கேட்டால், அதான் படகு வருமே என்கிறான். பெலிக்ஸின் ஊரான புன்னைத்துறையில் மீனவர்களோ மேகம் கறுத்தால் வலையைத் தொடுவதில்லை, இழுவண்டிக்குக் காற்றடிக்கிறார்கள்.

இந்தத் தடவை விழுப்புரம். நிறைமாத மகள் செல்சியாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மருமகன் இன்னொரு படகோடு கடலூர் போயிருந்தான். ரெஜினாவுக்குக் கிளம்பும்போதே மனசில்லை. இரண்டு பேர் இல்லாமல் படகை இழுத்துப் போகக் கூடாது என்பது விதி.

ஜீப் நகர்வதற்குள் செல்சியா போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, வாய்க்கா உடைஞ்சு தெருவெல்லாம் தண்ணி. வாசப்படி ஏறிட்டு. எனக்கு இடுப்பு வேற வலிக்கு."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"பொம்பளைங்கதான். ஆம்பளைங்க எல்லாரும் படகோட போயாச்சே."

பெலிக்ஸ் ஜீப்பின் திரையைத் தட்டினார்.

"புன்னைத்துறையில வெள்ளமா?"

"ஆம். மாலைக்குள் ஊர் மூழ்கும்" என்றது வெள்ளக்கணி, எப்போதும்போல் பதமான குரலில்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூன்று நாட்களுக்கு முன்பே."

"பாவி, எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"படகு தேவைப்படும் ஊர்களுக்கே எச்சரிக்கை அனுப்பப்படும். புன்னைத்துறை படகுள்ள ஊர். அங்கே நாற்பது படகுகள் பதிவாகியுள்ளன."

பெலிக்ஸ் விழுப்புரத்தில் படகு வருமென்று மொட்டைமாடியில் காத்திருக்கப்போகிறவர்களை நினைத்தார். அவர்களும் பாவம்தான். பிறகு சாலை நடுத்திட்டின் அடுத்த இடைவெளியில் ஜீப்பைத் தெற்கே திருப்பினார்.

"விழுப்புரம் எதிர்த்திசையில் உள்ளது. அங்கே உங்கள் படகை நம்பி யாரும் வெளியேறவில்லை" என்றது திரை. அவர் அதை அணைத்தார்.

கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. இழுவண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ரெஜினா அவர் தோளைப் பிடித்தாள்.

"மெதுவாப் போங்க. கவுந்துச்சுன்னா யாருக்கும் ஒதவாது."

பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தார். ஆட்டம் நின்றது. வண்டி மறுபடி ஊர்ந்தது. சைக்கிளில் போனால்கூடச் சீக்கிரம் போகலாம்போல் இருந்தது அவருக்கு.

செல்சியா திரும்பவும் கூப்பிட்டாள். இப்போது அவள் குரலில் பயம் குறைந்திருந்தது.

"அம்மா, நான் வெள்ளக்கணிட்டயே கேட்டுட்டேன். படகு நம்ம வீட்டுலயே இருக்காம்லா. பயப்படாம அங்கயே இருங்கன்னு சொல்லுது. அது சொன்னாத் தப்பாதேன்னு நானும் பக்கத்து வீட்டு மேரி அக்காவும் தேடிப் பாத்துட்டோம். எங்கம்மா வச்சிருக்கீங்க?"

ரெஜினா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவள் முடுக்கிய வார் கொஞ்சமும் தளராமல் இருந்தது.