நடிப்பில்லாத வீடு

இந்துப்ரியா உதட்டை மூடிய பிறகும் போனில் தெரிந்த அவள் முகம் ஒரு கணம் சிரித்துக்கொண்டே இருந்தது.

நெட் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணி. தெருவில் ஷேர் ஆட்டோக்களின் ஹாரன் சத்தமும், பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் கிரீச்சொலியும், காலையில் தாளித்த கடுகின் வாசமும் கலந்து கிடந்த முன்னறையில், வட்ட விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே அவள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

'ஜானுவும் அம்மாவும்' என்ற அவளுடைய பக்கத்தை ஒன்றே முக்கால் லட்சம் பேர் பார்த்தார்கள். 'நடிப்பில்லாத வீடு' என்று முகப்பில் எழுதியிருந்தாள். ஐந்து வயது மகள் ஜானு டெங்குவில் இறந்து எழுபது நாளாகிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் அவள் இறக்கவில்லை. முன்பு எடுத்து வைத்த வீடியோக்களை இந்துப்ரியா ஒவ்வொன்றாகப் போட்டுவந்தாள். "பாப்பா நல்லாருக்காளா?" என்று யாராவது கேட்டால், "சூப்பரா இருக்கா" என்று பதில் போட்டாள். அதை எழுதும் நிமிஷம் மட்டும் நெஞ்சு லேசாகும்.

நேற்றோடு வீடியோக்கள் தீர்ந்தன. கடைசி வீடியோவில் ஜானுவின் கன்னம் சிவந்திருந்தது. எல்லோரும் அழகு என்றார்கள். அது காய்ச்சல். "இன்னும் ஒரே தடவை, சிரிச்சுச் சொல்லு கண்ணு" என்று நான்கு முறை சொல்லவைத்தது இந்துப்ரியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சற்று முன், சாப்பிட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குக் கிளம்பிய கணவன் ஸ்ரீனிவாஸ் வாசலில் தயங்கி நின்றிருந்தான்.

"இன்னைக்காவது உண்மையச் சொல்லிரு இந்து. எம்புட்டு நாளைக்கு அவளச் சாகவிடாம வச்சிருப்ப?"

"சொல்லிர்றேன். நீங்க போயிட்டு வாங்க."

அவன் போனதும் லைவைத் தொடங்கிச் சிரித்து வணக்கம் சொன்னவள், இப்போது கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜானு இல்லங்க. செத்துப்போயிட்டா. இத்தன நாளும் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அழுகை வெடித்தது. கண்ணீர் கழுத்துவரை இறங்கியது. திரையில் இதயங்கள் மிதந்து ஏறின. ஒச்சம்மாள் என்றொருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, ஒங்க சிரிப்பப் பாத்தாலே மனசு நெறஞ்சுபோகுது."

இந்துப்ரியா திரையை உற்றுப் பார்த்தாள்.

அங்கே இருந்தவள் அழவில்லை. அதே சேலை. அதே பொட்டு. கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜானுவுக்கு இன்னைக்கு லீவுங்க. தலை பின்னிவிடப் போறேன்."

"பொய்!" என்று கத்தினாள் இந்துப்ரியா. "அவ செத்துட்டா!"

திரையில் இருந்தவளின் சிரிப்பு கலையவில்லை. பட்டறைச் சத்தம் நின்றிருந்தது. ஆட்டோக்களும் இல்லை. கடுகு வாசம் போய், தேங்காயெண்ணெய் மணத்தது.

திரையில் ஜானு வந்தாள். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இந்துப்ரியா குனிந்து பார்த்தாள். வெறும் தரை.

ஆனால் முழங்காலில் சூடு பட்டது. காய்ச்சல் சூடு.

அணைத்துவிடலாம். ஒரு விரல் போதும். கை போனை நோக்கி நீண்டது. நின்றது. அணைத்தால் இந்த ஜானுவும் போய்விடுவாள்.

கையை இழுத்துக்கொண்டாள். விரல்கள் காற்றை மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கின. மெதுவாக. வலிக்காமல்.

ஒவ்வொரு பின்னலுக்கும், எண்ணெய் பளபளக்கும் மெல்லிய கறுத்த முடி, கொத்துக்கொத்தாக, வேரோடு, அவள் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.