அரை மணி நேரத்தில் வண்டி வரும்

மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியின் பழைய மேல்வார்டுக்குப் போகும் மண் ரோட்டில் ஆஸ்பத்திரி வேனை அவளே ஓட்டி வந்தாள். மணி நாலுதான். மேகம் கவிந்து ஆறு மணி போல மங்கிக் கிடந்தது. வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கட்டடத்தின் பின்பாதி இரண்டு வருஷத்துக்கு முன்னால் புயலில் மலைச்சரிவோடு இடிந்து போனது. முன்பாதியும் மாடிப்படியும் மட்டும் நிற்கின்றன. சுற்றிலும் கரண்ட் கம்பியே கிடையாது. ரேடியோவில் இரைச்சல் விழாது. அதனால்தான் அவள் செய்த கருவியைப் பெரிய டாக்டர் இங்கிருந்து சோதித்துப் பார்க்கச் சொன்னார். அவள் மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தாள். அதற்குள்தான் மூன்று மாத உழைப்பு இருந்தது. போனில் தட்டும் எழுத்து விசில் சத்தமாக மாறி ரேடியோ வழியாகப் போகும். அந்தப் பக்கம் இன்னொரு போன் சத்தத்தை மறுபடி எழுத்தாக்கும். போனையும் ரேடியோவையும் சண்டையில்லாமல் சேர்த்து வைப்பதுதான் டப்பாவின் வேலை. பழைய மோடத்தில் பிடுங்கிய இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரிலே ஸ்விட்ச், ஒரு சிவப்பு விளக்கு. போனிலிருந்து சத்தம் வந்தால் விளக்கு எரியும், ரேடியோ அனுப்ப ஆரம்பிக்கும். கடையில் வாங்கியிருந்தால் இத்தனை முறை விரலைச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று தம்பி கிண்டல் செய்வான். அடுத்த புயலில் போன் செத்துப் போனாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர, அவள் அவனிடம் வேறெதுவும் சொன்னதில்லை.

டப்பாவைப் போனிலும் ரேடியோவிலும் மாட்டி, ஜன்னலிலிருந்து மரக்கிளைக்கு ஆன்டெனா கம்பியைக் கட்டினாள். 'கேக்குதா?' என்று தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

'கேக்குது அக்கா. பளிச்னு வருது.' இருபது கிலோமீட்டருக்கு அப்பால், தன் வீட்டு மாடியில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அடுத்த வரி வந்தது. 'வண்டி கிளம்பிடுச்சா?'

எப்போது திரும்புவாய் என்று தம்பி கேட்கிறான் என நினைத்து, 'அரை மணி நேரத்துல வந்துடும்' என்று அனுப்பினாள்.

பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி விழுந்தன.

'அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க.'

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

உடனே தம்பியின் வரி. 'யார்கிட்ட அக்கா பேசறே? எனக்கு உன்னோடது மட்டும்தான் வருது.'

அவள் ஆன்டெனா கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கினாள்.

'தண்ணி உள்ள வருது. ஆறு பேர் இருக்கோம்.'

ரேடியோவையே அணைத்தாள்.

'அக்கா, லைன்ல இருக்கீங்களா?'

அந்தக் கேள்வியை அவளுக்குத் தெரியும். புயலன்று ஆபரேட்டர் வராததால் ஆஸ்பத்திரி போனில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். மேல்வார்டு நர்ஸ் கூப்பிட்டாள்: ஐந்து நோயாளிகள், பின்சுவரில் விரிசல். ரோடு அறுந்துவிட்டது, விடிந்தால்தான் வண்டி எடுக்க முடியும் என்று டிரைவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதை அப்படியே சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வண்டி கிளம்பிடுச்சு, அரை மணி நேரத்தில் வந்துடும், எங்கேயும் போகாமல் இருங்கள் என்று சொன்னாள். லைன் அறுந்தது. இறங்கி நடந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஆறு பேரும் அவள் பேச்சை நம்பிக் காத்திருந்தார்கள். அந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டெட்டால் வாசனை வந்தது. அதற்கடியில் ஈர மண்.

அவள் போனில் தட்டினாள். 'வண்டி வராது. நான் பொய் சொல்லிட்டேன். இறங்கிப் போயிடுங்க. தயவுசெஞ்சு போயிடுங்க.'

அணைந்த ரேடியோவோடு இருந்த டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையவே இல்லை. அவள் போன் ஒயரை உருவினாள். அப்போதும் எரிந்தது. யாரோ அதற்கருகில் குனிந்து ஓயாமல் பேசுவதைப் போல மினுக்கி மினுக்கி எரிந்தது.

பிறகு போன் திரையில் ஒரே வரி.

'வந்திருக்கே. கீழ நிக்குது.'

இடிந்த பக்கத்திலிருந்து செருப்பு தேயும் சத்தம் கேட்டது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஒரு ஊன்றுகோல் தரையைத் தட்டியது. யாரோ இருமினார்கள். குளிர்ந்த காற்று ஒவ்வொரு வீச்சாக அவளைக் கடந்து படியிறங்கியது.

கீழே வேனின் பின்கதவு திறந்து சாத்திக்கொண்டது.

இருட்டுவதற்குள் நடந்தே போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் இரண்டாவது முறையும் அவர்களை இங்கேயே விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி இறங்கினாள். வேனின் பின்பக்கம், ஆளேறியதைப் போல ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

வழி நெடுக அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. திருப்பங்களில் மெதுவாக ஓட்டினாள். அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தி, இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, மறுபடி சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"பேஷன்ட் இருக்காங்களாக்கா?" என்று வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். "காலியால்ல இருக்கு."

அவன் பின்னால் தானியங்கிக் கண்ணாடிக் கதவு விலகியது. மூடியது. மறுபடி விலகியது.

"ரிப்பேர் போல," என்றான் அவன்.

மூன்று. நாலு. ஐந்தாவது முறை கதவு வெகுநேரம் திறந்தபடியே இருந்தது, ஊன்றுகோல் வைத்த ஒருவர் மெல்ல நடந்து உள்ளே போகும் நேரம். ஒவ்வொரு முறையும் வேன் கொஞ்சம் எழும்பியது.

அவள் ஆறாவது ஆளான நர்ஸுக்காகக் காத்திருந்தாள்.

வாட்ச்மேன் கதவின் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கதவு அசையவில்லை. வேனின் பின்பக்கம் ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்தே இருந்தது.

அவள் தலைக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில், சீட்டின் ரெக்சின் மெதுவாக அமுங்கியது.