இளைத்தவர் கொடுத்த புகார்

"என் பெண்டாட்டி எனக்கு விஷம் வெக்கிறா, இன்ஸ்பெக்டர்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பூச்சிமருந்து ஃபேக்டரி முதலாளி இதைச் சொன்னபோது, அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

காலையில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர் தடாலென்று விழுந்தார். இங்கே ரத்தத்தைச் சோதித்தால்... அவர் ஃபேக்டரியில் தயாராகும் அதே மருந்து! போன வருஷம் எடுத்த ரத்தத்தில் துளியூண்டு. இப்போது பல மடங்கு.

"வீட்ல சமையல் யாரு?" இன்ஸ்பெக்டர் செல்போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுக் கேட்டார். அவருடைய தொப்பை பெல்ட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"இவதான். இளைக்கணும், இளைக்கணும்னு வேகவெச்ச காயா போட்டு என் உயிரை எடுத்தா. அதுலதான் கலந்திருக்கா."

"அந்த மருந்து வயித்துக்குள்ள போனாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு ஊரைக் கூட்டி வெச்சு சொன்னீங்களே?" மனைவி கேட்டாள்.

"அது ஊருக்குச் சொன்னது. இன்ஸ்பெக்டர், அது சுத்த விஷம். எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

"அப்ப கொலை முயற்சிதான். கிளம்புங்கம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதற்கு ஜெயிலா?

"கொஞ்சம் இருங்க."

வாசலில் டாக்டரம்மா.

"யாரும் விஷம் வெக்கல. பட்டினி கிடந்து மயங்கி விழுந்திருக்கார், அவ்வளவுதான்."

"அப்ப ரத்தத்துல இருக்கிறது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இந்த மருந்து தண்ணியில அவ்வளவா கரையாது, கொழுப்புலதான் கரையும். உள்ள போனா நேரா கொழுப்புல போய் குடியேறிடும். வருஷக்கணக்கா காலி பண்ணாது. சும்மாவும் இருக்காது, சர்க்கரையை ஏத்தலாம், உடம்பைப் பெருக்க வைக்கலாம். இவர் ஒரேயடியா இளைச்சதுல கொழுப்பு கரைஞ்சு, அதுல இருந்ததெல்லாம் ரத்தத்துக்கு வந்திருக்கு."

"கொழுப்புக்குள்ள எப்படிப் போச்சு?"

"இவர் ஃபேக்டரிக் கழிவு ஆத்துல கலக்குது. ஊரே அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. நான் சோதிச்ச அத்தனை பேர் ரத்தத்துலயும் இது இருக்கு. போன வாரம் சர்க்கரை பார்க்க வந்தீங்களே, உங்களுக்கும்தான்."

இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தொப்பைக்குப் போனது.

"இத்தனை நாளா இதுக்கு நான் என் வீட்டம்மா சமையலைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, டாக்டர்..."

முதலாளி எழுந்து உட்கார்ந்தார். மனைவியைக் காப்பாற்றினால் ஃபேக்டரி போகும். ஃபேக்டரியைக் காப்பாற்றினால்... அவர் யோசிக்கவே இல்லை.

"டாக்டர் சொல்றதை நம்பாதீங்க. இவதான் வெச்சா. என் ஃபேக்டரி மருந்து ஊர்ல யாரையும் ஒண்ணும் பண்ணாது."

இன்ஸ்பெக்டர் செல்போனைத் தட்டினார்.

'அது சுத்த விஷம். எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்.'

முதலாளியின் குரல்தான். அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

"தெரிஞ்சே ஊருக்கு விஷம் ஊத்தியிருக்கீங்க. கையை நீட்டுங்க, சார்."

விலங்கு விழுந்தது!

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டர், உள்ள இவருக்கு வேளாவேளைக்கு நல்லா சாப்பாடு போடுங்க. இன்னும் கொஞ்சம் இளைச்சார்னா, அங்கயும் நான்தான் வந்து விஷம் வெச்சேன்னு சொல்லுவார்."