கிழிந்துகொண்டே இருந்த ரப்பர்

முனிலட்சுமிக்கு வயது பத்து. ஓசூரில் ஐந்தாம் வகுப்பு படித்தாள். வகுப்பில் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக உட்காருவாள். மற்ற பிள்ளைகள் இரண்டு முழம் தள்ளித்தான் உட்காருவார்கள். ஏன் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. அதில் நியாயம் மட்டும் துளியும் இல்லை.

அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அப்பா ஆஞ்சப்பன் விடிந்ததும் கார் ஓட்டப் போய்விடுவார். அதனால் ஒரு நாளில் அவள் எத்தனை முறை வாய் திறந்தாள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சில நாட்களில் ஒரு கை விரல்களே போதும்.

அப்பா ஓட்டிய கார் கோவிந்தப்பனுடையது. நாகரசம்பட்டியில் அவருக்குப் பெரிய மாந்தோப்பு இருந்தது. கார்தான் பழசு. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் வாடகைக்கு ஓடி ஓடி, மைல் காட்டும் எண்களெல்லாம் தீர்ந்துபோய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தன.

அந்தக் காருக்கு ஒரு நோய். முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மூட்டுகளில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவற்றுக்குப் பெயர் புஷ். அது தேய்ந்துவிட்டால் கார் கிரீச் கிரீச்சென்று கத்தும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறும்.

தேய்ந்ததைக் கழற்றிவிட்டு மெக்கானிக் மாதப்பன் புது புஷ் போட்டார். ஒரே மாதத்தில் கிழிந்தது. மறுபடி போட்டார். இருபத்தெட்டு நாளில் கிழிந்தது.

கோவிந்தப்பன் மாதப்பனின் ஷெட்டுக்கே வந்து கத்தினார்.

"இதான் கடைசி. இன்னொரு தடவ கிழிஞ்சுதுன்னா வண்டிய பெங்களூர்ல வித்துடுவேன். அப்புறம் எனக்கு எதுக்கு டிரைவரு? நீ உன் வழியப் பாத்துக்க ஆஞ்சப்பா!"

"ஆவட்டும் மொதலாளி" என்றார் அப்பா. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது பக்கத்தில் நின்ற முனிலட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

அன்று சோறு தின்னும்போது அப்பா மெதுவாகப் பேச்செடுத்தார்.

"வண்டிய வித்துட்டா, நான் பெங்களூருக்கு வேல தேடிப் போவணும் கண்ணு. உன்ன கல்லாவியில அத்தை வூட்டுல விட்டுட்டுப் போறேன்."

"அங்க பள்ளிக்கூடம்?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பதில் அவளுக்கே தெரியும். அத்தை வெங்கடம்மா எப்போதோ சொல்லிவிட்டாள்: "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு? நாலு ஆடு வாங்கித் தரேன், மேய்க்கட்டும்."

முனிலட்சுமிக்கு ஆடுகள்மேல் கோபமில்லை. ஆனால் ஆடுகளுக்கு வகுத்தல் கணக்கு வராதே!

மறுநாள் காலையில் அப்பா அவளுக்குச் சடை பின்னினார். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. நன்றாக அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இறுக்கி இறுக்கிப் பின்னிவிட்டு, "முடிஞ்சுது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் குனிந்து எழுதினால் பிடரி முடி இழுத்தது. நிமிர்ந்தால் சரியாகிவிட்டது. குனிந்தால் மறுபடி சுள்ளென்றது.

மத்தியானம் புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்து பையைத் திறந்தாள். மாதப்பன் தூக்கியெறிந்த கிழிந்த புஷ் உள்ளே இருந்தது. விளையாட வேறு எதுவும் இல்லாததால் எடுத்து வைத்திருந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் நேராகக் கிழியவில்லை. ஈரத்துணியைப் பிழிந்தது மாதிரிச் சுற்றிச் சாய்வாகக் கிழிந்திருந்தது.

'இத யாரு புடிச்சு முறுக்கினாங்க?' என்று யோசித்தபடி இன்னும் குனிந்தாள். பிடரி சுள்ளென்றது.

அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

சாயங்கால மணி அடித்ததும் ஷெட்டுக்கு ஓடினாள். கார் ஜாக்கிமேல் நின்றது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. மாதப்பன் புது புஷ்களைப் போட்டு நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்றார்.

"மாமா, எப்பவும் சக்கரத்தத் தொங்க வச்சுதான் இறுக்குவீங்களா?"

"பின்ன? தலகீழா நின்னா இறுக்குவாங்க?"

"தரையில நின்னா இந்தக் கை இப்பிடித் தொங்காதே. மேல ஏறிடுமே."

"ஏறட்டும். அதுக்குத்தான ரப்பர் இருக்குது. பதினஞ்சு வருசமா இறுக்குறேன், எனக்கே பாடமா? ஆஞ்சப்பா, உம் பொண்ணு காருக்கு டாக்டரு ஆவப் போறா, பாத்துக்க!"

முனிலட்சுமி சிரிக்கவில்லை. பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்தாள். நட்டுக்கு அடியில் இருந்த வாஷரிலிருந்து இரும்புக் கை வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டாள்.

"இப்ப வண்டியத் தரையில எறக்குங்க."

"எறக்கித்தான் பாரேன் மாதப்பா" என்றார் அப்பா.

"ஏனு மாடோது, என்ன பண்றது! அப்பனும் மவளும் ஒண்ணு சேந்துட்டீங்க" என்று கன்னடமும் தமிழுமாக அலுத்துக்கொண்டு மாதப்பன் ஜாக்கியை இறக்கினார்.

கார் தன் பாரத்தோடு தரையில் உட்கார்ந்தது. மூன்று பேரும் தரையோடு தலையை வைத்துப் பார்த்தார்கள். கோடு இரண்டாக உடைந்திருந்தது. வாஷரில் இருந்த பாதி அங்கேயே இருந்தது. இரும்புக் கையில் இருந்த பாதி கட்டைவிரல் அகலம் நகர்ந்து போயிருந்தது.

மாதப்பன் உடைந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வண்டி சும்மா நின்னாலும் ரப்பர் இவ்ளோ முறுக்கிக்கிட்டுதான் இருக்குது மாமா. ஓடினா இன்னும் முறுக்கும். கிழியாம என்ன பண்ணும்? எங்கப்பா பின்ற சட மாதிரிதான். அண்ணாந்து பாக்க வச்சுப் பின்றாரு. குனிஞ்சா பிடரியப் பிச்சுக்கிட்டுப் போவுது."

"வலிக்குதா?" என்றார் அப்பா, பதறிப்போய். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீயாவது பின்றியேன்னு இருந்தேன்."

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இல்லாத ஸ்பேனரை எங்கேயோ தேடினார்.

மாதப்பன் தலையைச் சொறிந்தார். "சரி தாயி, தரையில நிக்க வச்சே இறுக்கணும்னு வையி. அடியில எவன் பூர்றது? என் தொப்ப போவுமா?"

அதுதான் சங்கதி. அந்தப் பக்கத்தில் ஒரு முழம் தோண்டினால் பாறை. எந்த ஷெட்டிலும் காருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி கிடையாது. அதனால் எல்லாரும் ஜாக்கியில் தூக்கி வைத்தே இறுக்கிப் பழகிவிட்டார்கள்.

முனிலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "ஏரி வாய்க்கா மேல மாட்டு வண்டி போவ ரெண்டு கல் பலக போட்டிருக்காங்கல்ல? முன்சக்கரம் ரெண்டும் அது மேல நிக்கட்டும். வாய்க்கா காஞ்சுதான கெடக்குது? நீங்க உள்ள எறங்கிக்குங்க."

நட்டுகளைத் தளர்த்திவிட்டு, காரை மெல்ல உருட்டிப்போய் அப்படியே நிறுத்தினார்கள். அப்பா முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ஆட்டி நிலைக்கு வரவிட்டார். மாதப்பன் வாய்க்காலில் நின்று, கையைத் தூக்கி ஒவ்வொரு நட்டாக இறுக்கினார்.

அதற்குள் பின்னால் ஒரு சோளத்தட்டு வண்டி வந்து நின்றது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கெம்பம்மா கத்தினாள்: "என்னப்பா, காருக்குத் தண்ணி காட்டுறீங்களா? வாய்க்காலு காஞ்சு மூணு மாசம் ஆவுது!"

பிறகு காத்திருப்புத்தான். கார் நின்ற சாயங்காலமெல்லாம் முனிலட்சுமி அடியில் தலையை நீட்டி, ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பத்து நாள். இருபது நாள். அவளோடு சேர்ந்து பயப்பட யாரும் இல்லை. வகுப்பில் யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தாள். யாரும் திரும்பவில்லை.

இருபத்தேழாம் நாள் அத்தை வெங்கடம்மா கல்லாவியிலிருந்து வந்து இறங்கினாள். "கார விக்கத்தான் போறாங்க. நான் ஒரு ஆட்ட வாங்கியே வச்சுட்டேன். கெளம்பு" என்றாள். பள்ளிக்கூடத்துக்கும் நேரே போய், இவள் இனி வரமாட்டாள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அத்தை நல்லவள்தான். ஆனால் எதையும் யாரையும் கேட்டுச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. முனிலட்சுமியை வீட்டைவிட்டு நகர விடவில்லை. துணிமணிகளை மூட்டை கட்ட வைத்தாள்.

முப்பதாம் நாள் கோவிந்தப்பன் ஷெட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, அவரே குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். ரப்பர் புதுசாகவே இருந்தது.

"என்னடா செஞ்ச மாதப்பா?"

மாதப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் வந்து, மொதலாளி..." என்று தொடங்கியவர், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நான் ஒண்ணும் செய்யல. ஆஞ்சப்பன் பொண்ணு சொன்னா."

"ம்" என்றார் கோவிந்தப்பன். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. "ஆஞ்சப்பா, நாளைக்குக் காவேரிப்பட்டினம் சவாரி. டயர்ல காத்து பாத்து வையி."

அன்று அப்பா வீட்டுக்கு ஓடியே வந்தார்.

"அப்ப ஆட்ட என்ன பண்றது?" என்றாள் அத்தை.

"நீயே மேச்சுக்க அக்கா" என்றார் அப்பா.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். வாசல் பக்கம் பார்க்காமலே, "முனிலட்சுமி... இது கல்லாவிக்குப் போயிருச்சு இல்ல?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பேரை அடிக்கப் பேனாவைச் சாய்த்தார்.

"உள்ளேன் ஐயா!"

அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. வாத்தியாரின் பேனா அடுத்த பேருக்கு நகர்ந்தது.