அணையாத பச்சை

சனிக்கிழமை நண்பகல். ஒன்பதாம் மாடியில், துணி உலர்த்தும் அறையில், சினிமாப் படங்களைச் சேர்த்து வைத்திருந்த கம்ப்யூட்டரைக் காணோம். அது இருந்த இடத்தில் தூசியில் ஒரு கட்டமும், பிடுங்கிப் போட்ட ஒயரும்தான் கிடந்தன.

கலாட்ஸி நகரத்தில் அப்போதெல்லாம் வீட்டுக்கு இன்டர்நெட் என்பது கையில் காசு புரள்கிறவனுக்குத்தான். அதனால் அந்தக் குடியிருப்புக்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஒயர் இழுத்து, தங்களுக்குள் ஒரு நெட்வொர்க் போட்டுக்கொண்டார்கள். படம், பாட்டு, அரட்டை எல்லாம் அதில்தான். அதை நடத்தியவன் நாலாம் மாடி என்ஜினீயர் ஹோரியா. ஒயர் இழுத்தவன் தரைத்தள மார்செல். செம்புக் கம்பி திருடி உள்ளே போய், மிச்சத் தண்டனைக்கு நன்னடத்தையில் வெளியே விடப்பட்டவன். இன்னொரு புகார் போனால் திரும்பவும் சிறைதான். வீட்டில் கைக்குழந்தை.

உலர்த்தும் அறைச் சாவி இவர்கள் இருவரிடம் மட்டுமே. பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்றவன் மார்செல். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

குடியிருப்புச் செயலாளர் ஒத்திலியா தன் வீட்டில் ஆட்களைக் கூட்டினாள். போனை மடியிலேயே வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு பிந்திலியேவையும் கூப்பிட்டிருந்தாள். விசாரிக்க அல்ல. புகாரைச் சட்டப்படி சொல்லத் தெரிந்தவர் ஒருவர் வேண்டுமே.

பிந்திலியே குடைமிளகாய் சுட்ட கரிக்கையோடு வந்து மூலையில் உட்கார்ந்தார். மனிதர்களை அவர் நம்புவதில்லை. ஓசியில் வருவதை அதைவிடவும் நம்புவதில்லை.

ஹோரியா தன் லேப்டாப்பை மேசையில் திறந்தான். ஆபீசில் கொடுத்தது. அந்தக் கட்டடத்தில் லேப்டாப் அது ஒன்றுதான். அதில் ஓடிய குட்டிப் புரோகிராமைக் காட்டினான். இலவசமாக இறக்கிக்கொண்டதாம். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதற்குக் கொடுத்த முகவரியில் விடாமல் தட்டி, இருக்கிறாயா என்று கேட்குமாம். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அரட்டைக்கு ஒரு கம்ப்யூட்டர், பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. திரையில் மூன்று பட்டைகள். படப் பட்டை காலையிலிருந்து பச்சை. பன்னிரண்டுக்குச் சிவப்பு.

"அதுவரைக்கும் மிஷின் அங்கதான் இருந்திருக்கு. இது மிஷின் சொல்ற சாட்சி. எனக்கு யார் மேலயும் பகையில்லை," என்றான் ஹோரியா.

தான் போனபோதே கம்ப்யூட்டர் அங்கே இல்லை என்றான் மார்செல். அப்படியானால் சொர்க்கத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்ததோ என்று யாரோ கேட்க, அறை சிரித்தது.

பிந்திலியே சிரிக்கவில்லை. "உன்னை மேல போகச் சொன்னது யாரு?"

"ஹோரியாதான் அண்ணே. ஒயர் லூசா இருக்கு, பாருன்னான்."

பெரியவர் மேசைக்கு வந்து மூக்கு முட்டக் குனிந்து திரையைப் பார்த்தார். பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி இரண்டு பட்டைகளில் சிவப்பாக ஒரு துண்டு. அது என்ன என்று கேட்டார்.

அதைச் சொல்ல ஹோரியா தேவைப்படவில்லை. ஆளுக்கு ஆள் சொன்னார்கள். குளிர்காலத்துக்கு மிளகாயும் கத்தரிக்காயும் சுட்டு ஜாடியில் அடைக்கிற சனிக்கிழமை. கேஸ் வருவதில்லை. வீட்டுக்கு வீடு மின்சார அடுப்பு. கட்டடத்து ஃபியூஸ் போய்விட்டது. மார்செல்தான் மாற்றிப் போட்டான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒத்திலியா அத்தனை பேரின் மிளகாயையும் சபித்தாளாம்.

"ஒன்பதாம் மாடியில கரண்ட் இருந்துச்சா?"

"லிஃப்டுக்கும் அந்த ரூமுக்கும் ஒரே லைன்," என்றாள் ஒத்திலியா.

"பேட்டரி கீட்டரி?"

"அதுக்கு யாரு காசு குடுத்தா?" என்றாள்.

பெரியவரின் கரிவிரல் படப் பட்டையில் இறங்கியது. பத்து மணிக்குக் கீழே. அங்கே துளி சிவப்பில்லை.

"கட்டடமே செத்துக் கிடக்கு. இது மட்டும் உயிரோட பதில் சொல்லியிருக்கு. எப்படி தம்பி?"

ஹோரியா தோளைக் குலுக்கினான். "ஓசிப் புரோகிராம், பெரியவரே. சில சமயம் தப்பாக் காட்டும்."

"பத்து மணிக்குப் பொய் சொன்னது, பன்னெண்டு மணிக்கு மட்டும் எதுக்கு உண்மை சொல்லணும்?"

பெரியவர் நிமிர்ந்தார்.

"அது பொய் சொல்லல. தட்டுச்சு, பதில் வந்துச்சு. திறந்தது யாருன்னு பார்க்கிற புத்தி அதுக்குக் கிடையாது. கரண்ட் போன நேரத்துல இந்த வீடுகள்ல பேட்டரியில உயிரோட இருந்தது ஒண்ணே ஒண்ணு." லேப்டாப்பின் மூடியைத் தட்டினார். "படக் கம்ப்யூட்டரோட முகவரியை இதுக்குக் குடுத்துட்டே. இது தன்னையே கேட்டு, தானே பதில் சொல்லிக்கிச்சு. நேத்தே அதைத் தூக்கியாச்சு. இவனை மேல அனுப்பிட்டு, பன்னெண்டுக்கு முகவரியை மாத்தினே. வீட்டுல வச்சா ஆள் பார்க்கும். இப்போ உன் கார் டிக்கியத் திறக்கலாமா?"

ஹோரியா லேப்டாப்பை மூடினான். பிறகு மெல்லச் சொன்னான். கேபிள் கம்பெனி ஒன்று அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. இந்தக் கட்டடம் மொத்தமும் அவர்களிடம் இன்டர்நெட் இணைப்பு வாங்கினால்தான். நெட்வொர்க் நாறினால்தானே வருவீர்கள். "எத்தனை வருஷம் உங்க ஒயருக்கு நான் சும்மாக் காவல் இருக்கிறது?"

கம்ப்யூட்டர் டிக்கியில் போர்வைக்கடியில் கிடந்தது. இரண்டு பேர் சுமந்து வந்தார்கள்.

ஒத்திலியா போனை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். பொருள்தான் வந்துவிட்டதே, படித்த பையன், எதிர்காலம் பாழாகக் கூடாது என்றாள். பலர் தலையாட்டினார்கள். மார்செலிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிந்திலியே எழுந்துபோய் ரிசீவரை எடுத்தார். ஒரு எண்ணைச் சுழற்றுவதற்குள் மார்செலின் விரல் வந்து கொக்கியை அழுத்தியது.

"வேண்டாம் அண்ணே. போலீஸ் வந்தா சாவி யார் யாருகிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்க. முதல்ல என் பேரைத்தான் எழுதுவாங்க. எழுதமாட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க, விரலை எடுத்துடறேன்."

பிந்திலியே முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவர். ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். பிறகு கீழே வைத்தார்.