வெளித் தாழ்ப்பாள்

"எலியும் கொழந்தையும் ஒரே வூட்ல இருக்க முடியாதுங்க! ரெண்டுல ஒண்ணு இன்னிக்கி வெளிய போவணும்!"

"கத்தாத பிரபா. அதுங்களுக்கு சத்தம் ஆவாது."

"அதுங்களுக்கு ஆவாதா! எனக்கு ஆவுதா? பாப்பாவுக்கு ஆவுதா? சாயங்காலத்துக்குள்ள அதுங்க போவல, நான் பாப்பாவத் தூக்கிகினு சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிடுவேன், பாத்துக்கங்க!"

வேலிக்கு இந்தப் பக்கம் செல்லக்கிளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மரம் மொட்டையாகி இரண்டு நாள் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். அடுத்த குவார்ட்டர்ஸில் சண்டை என்றால் எங்கள் தெருவில் கீரைக்கு எப்போதும் தேவை வந்துவிடும்.

எலி வந்த கதை இதுதான். தானே புயல் கடலூர் பக்கம் ஓடுகளையும் தென்னைகளையும் பிய்த்தெறிந்தபோது, பிரபாவதியின் புருஷன் நிலவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடக் கூரையும் பறந்துபோனது. கூண்டுகளை வைக்க இடமில்லை. மனுஷன் யாரையும் கேட்காமல் வெள்ளெலிகளை வீட்டுக்கே கொண்டுவந்து பின்னறையில் அடுக்கிவிட்டான். குவார்ட்டர்ஸ் அவன் அம்மா வீராயி பேரில். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, இன்றுவரை ஷிப்ட் தவறாதவள். அவள் மறுப்புச் சொல்லவில்லை. மகனுக்கு எதையுமே அவள் மறுத்ததில்லை. ஒன்றைத் தவிர என்பார்கள். அதற்கு வருகிறேன்.

பிரபாவதிக்கு முதலில் அருவருப்புதான் இருந்தது. பயம் பிறகு வந்தது.

பகலெல்லாம் பின்னறையில் இருந்து மரத்தூளும் மூத்திரமும் கலந்த ஒரு புளித்த வாடை வந்து சோற்றில், துணியில், குழந்தை இசைப்பிரியாவின் தலைமயிரில்கூட ஏறிக்கொண்டது. கம்பியைக் கறண்டும் சத்தம் மிக்ஸி ஓடும்போதும் கேட்டது, டீவி ஓடும்போதும் கேட்டது, தூங்கி விழித்தால் முதலில் அதுதான் கேட்டது. ஆனால் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் அத்தனை கூண்டும் ஒரே நொடியில் அடங்கிப்போகும். அந்த அமைதிதான் அவளுக்கு ஆகவில்லை. அந்த நொடியில் நிலவனும் பேச்சைப் பாதியில் நிறுத்துவான். கையில் சோற்று உருண்டை இருந்தால் அது அப்படியே நிற்கும். பிறகு எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

குட்டிகளைத் தினம் சில மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைப்பதுதான் அவன் சோதனை. அவை வளர்ந்த பிறகு எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க வேண்டும். தாயை எடுக்க அவன் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்கு ஊதினால் எடுப்பான். "கடிகாரம் பாக்க மறந்துடுவேன். சங்கு மறக்காதில்ல?" என்றான். இந்த ஊரில் சோறு வடிப்பதும் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் சங்குக்குத்தான் என்பதால், அவளுக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியபோது குட்டிகள் வளர்ந்திருந்தன. ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"புது எலி ஒண்ண கூண்டுல வுட்டா, சாதாரண எலி மொதல்ல மயிர சிலுத்துக்கும். பக்கவாட்டுல நிக்கும். பல்ல நறநறன்னு கடிக்கும். போயிடுன்னு சொல்லும். கடிச்சாலும் முதுவுலதான் கடிக்கும். இப்ப இத பாரு."

புது எலி கூண்டுத் தரையில் கால் வைத்தது. மூலையில் தூங்குவதுபோல் கிடந்த எலி எழுந்தது. சிலிர்க்கவில்லை, நறநறக்கவில்லை. நேராகப் போய்த் தொண்டையைக் கவ்வியது. புது எலி மல்லாந்தது. அடுத்து வயிறு.

"தாய வுட்டுப் பிரிச்சதுங்க முன்கூட்டி சொல்லாது பிரபா. மெத்துன்னு இருக்கற எடமா பாத்து கடிக்கும்." அவன் குரலில் இருந்தது பெருமை. பிள்ளை முதல் மார்க் வாங்கினால் வரும் பெருமை. இடுப்பில் இருந்த குழந்தையின் தொண்டையை அவள் கை தானாகவே மூடிக்கொண்டது.

அதே வாரத்தில்தான் வாசல் கதவு. புயல் மழையில் ஊறிய பெயின்ட் உள்பக்கமாகக் கொப்பளித்திருந்தது. உரித்தாள். பச்சைக்கு அடியில் சாம்பல் நிறம், அதற்கடியில் நீலம். அதற்கும் அடியில், அவள் முழங்கால் உயரத்தில், மரத்திலேயே கோடுகள். ஐந்தைந்தாக. மேலிருந்து கீழே. விரலை வைத்துப் பார்த்தாள். பள்ளங்கள் அவள் விரலுக்குச் சின்னவை.

செல்லக்கிளியிடம் கேட்டாள். கேட்க வேண்டிய ஆள்தான்.

"அதா? உங்க வூட்டுக்காரரு வேல. அப்ப அதுக்கு மூணு வயசு இருக்கும். அப்பங்காரன் போய்ச் சேந்துட்டான். வீராயியக்காவுக்கு ரெண்டு மணி ஷிப்டுன்னா புள்ளைய உள்ள வுட்டுட்டு வெளித் தாழ்ப்பாள போட்டுகினு போயிடும். வேல போயிட்டா சோத்துக்கு எங்க போறது? கொஞ்ச நேரம் கத்தும், கதவ பறாண்டும். அப்பறம் அதுவே அடங்கிடும்."

"யாரும் தொறந்து வுடலியா?"

"ஒரு வூட்டுத் தாழ்ப்பாள இன்னொருத்தரு தொறக்கறதாம்மா? நாங்க ரேடியோவ கொஞ்சம் சத்தமா வெச்சிக்குவோம்."

அன்று சோறு போடும்போது நிலவனிடம் மெதுவாகக் கேட்டாள். "சின்னதுல உங்கள உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போவாங்களாமே. ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. அந்த வயசுல யாருக்கு ஞாபகம் இருக்கும்?" மோரைக் குடித்து முடித்தான். "எலிக்கும் ஞாபகம் இருக்காது. அதான் விஷயமே."

அன்றிலிருந்து குழந்தையை அவள் தரையில் விடவில்லை. இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகுதான் செல்லக்கிளி கீரை உருவிய அந்தச் சண்டை.

சண்டையில் பிரபாவதிதான் ஜெயித்தாள். சாயங்காலம் வண்டி கொண்டுவந்து கூண்டுகளை ஏற்றிவிடுவதாக நிலவன் ஒப்புக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டான். அவளுக்கு நெஞ்சு லேசானது. பல நாளுக்குப் பிறகு பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டாள்.

வீராயிக்கு அன்று நேரமாகிவிட்டது. சண்டையில் டிபன் கட்டத் தாமதம். தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலில் இறங்கியபோது பாப்பா பின்னாலேயே தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. உள்ளே ஒரு குழந்தை அழுகிறது. வெளியே பஸ் நிற்கிறது. கிழவிக்குக் கை மட்டும்தான் வேலை செய்தது. குழந்தையை மெல்ல உள்ளே தள்ளினாள். கதவை இழுத்தாள்.

டக்.

இத்தனை வருஷத்துப் பழக்கம். மனசுக்குத் தெரியாமல் கை போட்ட தாழ்ப்பாள்.

"அத்தை! நாங்க உள்ள இருக்கோம்! அத்தை!"

சங்கு ஊதத் தொடங்கியது.

முதலில் தரையில் இருந்து வருவதுபோல ஒரு முனகல், பிறகு ஜன்னல் கண்ணாடியில், சமையல் பாத்திரங்களில், பல்லின் வேரில் ஏறி நின்று நீண்டுகொண்டே போகும் அந்தச் சத்தத்துக்குள் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கதவை இழுத்தாள். அசையவில்லை. ஜன்னலுக்குக் கம்பி. பின்வாசலை அடைத்துக் கூண்டுகள்.

சங்கு நின்றது.

கூண்டுகள் அடங்கியிருந்தன. எல்லாக் கூண்டும்.

பின்னறைக் கதவு திறந்தது. யாரும் வரவில்லை என்று நினைத்தாள். பார்வையைத் தாழ்த்தியபோதுதான் தெரிந்தான். முழங்காலிட்டு வந்துகொண்டிருந்தான்.

"என்னாங்க?"

அவளைத் தாண்டிப் போனான். வாசல் கதவுக்கு. நெற்றியைப் பலகையில் வைத்தான். இரண்டு கையும் பெயின்ட் உரிந்த இடத்துக்குப் போயின. தேடாமலே போயின.

பறாண்டினான்.

மெதுவாக. பிறகு வேகமாக. ஒரு நகம் பெயர்ந்தது. பலகையில் சிவப்பு இழுபட்டது. இன்னொரு நகம். அவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

பாப்பா அவனுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

அவன் கை நின்றது.

தலை திரும்பியது. முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அவன் கண்ணுக்குப் பாப்பா இந்த வீட்டுக்குள் புதிதாக வந்த ஒன்று.

சிலிர்க்கவில்லை. நறநறக்கவில்லை.

பிரபாவதி பாய்ந்தாள். குழந்தையின் தொண்டைக்கு வந்த வாய்க்குள் அவள் முன்னங்கை போனது. பல் இறங்கியது. இன்னும் இறங்கியது. எலும்பில் நின்றது. அவன் தலையை உதறினான். சதை கிழிந்தது. குழந்தையைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். தண்ணீர்க் குடம். மறு கையில். அடித்தாள். மண்டையில். விடவில்லை. மறுபடி. விடவில்லை. மூச்சு மட்டும் மூக்கால். சூடாக. அவள் மணிக்கட்டில். மறுபடி.

கையை விட்டான்.

குழந்தை இருக்கும் பக்கம் பார்த்தான்.

டக்.

வெளியே தாழ்ப்பாள் விலகியது. செல்லக்கிளி. சண்டை தொடர்கிறதா என்று காது கொடுக்க வந்தவள், குடம் விழும் சத்தத்தில் ஆவலாகி, ஒரு வூட்டுத் தாழ்ப்பாளை வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்துவிட்டாள்.

வெளிச்சம் விழுந்ததும் நிலவன் திரும்பினான். தவழ்ந்து போனான். செல்லக்கிளியின் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்து, ரத்தம் ஒழுகும் வாயை அதில் புதைத்துக்கொண்டு, "யம்மா, வந்துட்டியா?" என்றான். மூன்று வயதுக் குரலில்.

பின்னறையைப் பிறகு பார்த்தவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள். வண்டியில் ஏற்றுவதற்காக நிலவன் பல எலிகளைச் சேர்த்து அடைத்திருந்த கூண்டுகளில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எலிதான் மிச்சம். முகமெல்லாம் சிவந்து, சாதுவாக, தன்னைத் துடைத்துக்கொண்டிருந்ததாம்.

பிரபாவதி கைக்குத் தையல் போட்டுக்கொண்டு அன்றே பாப்பாவோடு சேத்தியாத்தோப்புக்குத் தாய் வீடு போய்விட்டாள். விவாகரத்து வழக்கு முடிந்து, சில வருஷம் கழித்து, அங்கே உரக்கடை வைத்திருக்கும் வேலுமணியை மறுமணம் செய்துகொண்டாள். அவர் வீட்டில் எல்லாக் கதவிலும் வெளித் தாழ்ப்பாளை அறுத்தெடுத்த பிறகுதான் தாலிக்குத் தலை நீட்டினாளாம். இசைப்பிரியா பள்ளிக்கூடம் போகிறது. கடிபட்ட இடது கையின் விரல்கள் மடங்காததால் பிரபாவதியால்தான் அதற்குப் பின்னல் போட முடிவதில்லை.

செல்லக்கிளி தன் மகள் அம்சவல்லியை வடலூரில் கட்டிக்கொடுத்தாள். அதே தெருவில்தான் வீராயி இருக்கிறாள். ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனநல ஆஸ்பத்திரியிலிருந்து மகனைத் தன் பொறுப்பில் கூட்டிவந்து ஒற்றை அறையில் வாடகைக்கு. போக ஷிப்ட் இல்லை. ஆனாலும் மதியம் இரண்டு மணிக்குப் புடவை மாற்றி, டிபன் பையோடு வெளியே வந்து, கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போடுவாளாம். போட்டுவிட்டு எங்கும் போவதில்லை. கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்துகொள்வாளாம்.

அந்த நேரத்துக்கு வடலூர்க்காரர்கள் டீவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறார்கள் என்கிறாள் அம்சவல்லி. அவள் ஒருநாள் கோலப்பொடி வாங்கப் போகும் சாக்கில் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறாள். கதவில், முழங்கால் உயரத்தில், பலகை தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. வீராயியின் வலக்கை அந்த ஓட்டைக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. மடியில் கிடந்த இடக்கையில் இரண்டு விரல்தான் மிச்சம்.

"இருக்கேண்டா கண்ணு, இங்கதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். கையை வெளியே இழுக்கவில்லையாம்.