அக்ரனில் என்ன இருக்கிறது?

காலை ஆறரைக்கு அப்பா கெட்டிலைப் போட்டார். தேவதர்ஷினி பல் தேய்த்தாள். அப்பா அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டார். இடது பின்னல் வழக்கம்போல மேலே ஏறிவிட்டது. இருவரும் டோஸ்ட் சாப்பிட்டார்கள். அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரானுயி என்ற புறநகரில் இருக்கும் அந்த வீட்டில் இப்போது இரண்டே பேர்.

சாப்பிட்டுக்கொண்டே தர்ஷினி டேப்லெட்டைத் திறந்தாள். நோராவிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"நீ எழுதியதைப் படித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வரவில்லை."

நோரா அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் பத்து வயது. தர்ஷினியின் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் அந்த ஊரில் ஒரு கூட்டாளி உண்டு. கூட்டாளியின் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அவர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்பில் படிக்க வேண்டும். தர்ஷினியின் முறை அடுத்த வெள்ளிக்கிழமை.

தர்ஷினியின் ஜோக்குகளுக்குக் கடைசிவரை காத்திருந்து சிரிக்கும் ஒரே ஆள் நோராதான். அவள் ஏன் வரமாட்டாள்?

தர்ஷினி தான் எழுதி நோராவுக்கு அனுப்பியிருந்ததை அப்பாவிடம் காட்டினாள். அவர் படித்தார்.

'அக்ரன் ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரமாக இருந்தது. ஏராளமான டயர்களைச் செய்தது. பிறகு ஆலைகள் மூடப்பட்டன. மக்கள் வெளியேறினார்கள். பாவம், இப்போது அங்கே ஒன்றும் இல்லை.'

"எழுத்துப் பிழை இல்லை," என்றார் அப்பா. அவர் அதிகம் பேசமாட்டார்.

எல்லாம் நூலகப் புத்தகத்தில் இருந்ததுதான் என்றாள் தர்ஷினி. 'பாவம்' மட்டும் அவளே சேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏவன்டேல் சந்தைக்குப் போனார்கள். கீரைக் கடையில் சோபனா ஆன்ட்டி நின்றிருந்தார். அம்மாவுடன் வேலை பார்த்தவர். தர்ஷினியின் கன்னத்தைத் தடவிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"முன்னெல்லாம் இவங்க வீட்டுல எப்பவும் பத்துப் பேர் சாப்பிடுவாங்க. அப்படி ஒரு கலகலப்பு. இப்ப பாவம், ஒண்ணுமே இல்ல."

ரயிலில் திரும்பும்போது தர்ஷினி கேட்டாள்.

"ஆன்ட்டி சொன்னது பொய்யாப்பா?"

"இல்லை. பத்துப் பேர் வருவாங்க."

"எனக்குப் பிடிக்கல."

"எனக்கும்தான்."

தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒண்ணுமே இல்லையா? நேற்று அப்பா சுட்ட தோசை ஆஸ்திரேலியா மாதிரி வந்தது. கீழே டாஸ்மேனியா தீவுகூட இருந்தது. இருவரும் சிரித்துச் சிரித்து அடுத்த தோசையைக் கருகவிட்டார்கள். இதெல்லாம் ஆன்ட்டிக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கவே இல்லையே.

நானும் கேட்கவில்லையே, என்று தோன்றியதும் தர்ஷினிக்கு முகம் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நோராவுக்கு எழுதினாள்.

"மன்னித்துக்கொள். உன் ஊரில் இல்லாததை மட்டும் எழுதிவிட்டேன். என்ன இருக்கிறது என்று உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உன் ஜன்னலில் என்ன தெரியும்? சனிக்கிழமை எங்கே போவாய்? உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?"

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை காலை, நான்கு பக்கம் வந்திருந்தது.

தர்ஷினி எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. அக்ரனில் அப்போது வியாழக்கிழமை மாலை ஐந்து. தர்ஷினி வகுப்பின் முன்னால் போய் நின்றாள். திரையில் நோரா வந்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

தர்ஷினி படித்தாள்.

"அக்ரன் ரப்பருக்குப் பெயர்போன ஊர். பெரிய ஆலைகள் பல மூடிவிட்டன. ஆனால் ரப்பரைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நோராவின் அம்மா ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். ரப்பரை இழுத்து, சூடாக்கி, உறைய வைத்து, எப்போது அறுகிறது என்று பார்ப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அதை விற்பார்கள். நாம் வண்டியில் பத்திரமாகப் போவதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

"பழைய கால்வாய்க் கரையில் நோரா சைக்கிள் ஓட்டுவாள். ஜூலையில், இன்ஜின் இல்லாத குட்டி வண்டிகளில் பிள்ளைகள் சரிவில் பாய்ந்து இறங்கும் பந்தயம் நடக்கும். முன்பு தானியம் கொட்டி வைத்த ராட்சத உருளைக் கட்டடங்களுக்குள் பிறகு தங்கும் அறைகள் கட்டினார்கள். எல்லாம் வட்ட அறைகள்."

வசீகரன் கை தூக்கினான். வட்ட அறையில் கட்டிலை எந்த மூலையில் போடுவார்கள் என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்தச் சந்தேகம் தனக்கும் உண்டு என்றாள் நோரா. இப்போது அவளும் சிரித்தாள்.

தர்ஷினி தாளை மடித்தாள். அப்போது திரையில் ஏதோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நோரா திரும்பிப் பார்த்தாள். பிறகு திரைக்கு மிக அருகில் வந்தாள்.

"தர்ஷினி, அம்மா இப்பதான் வேலையிலிருந்து வர்றாங்க. முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கிறாயா?"